பட்டியலில் இல்லாத வாக்கியம்

ஐம்பத்து மூன்று மணி நேரமாக ரெய்னோவுக்கு எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்தேகாலிலிருந்து புதன்கிழமை பிற்பகல் மூன்றேகால் வரை. கணக்குப் போட்டது அவரல்ல, ஜோலின். அந்தக் கிளினிக்கில் காது மெஷின்களைப் பொருத்திச் சரிபார்ப்பவள் அவள். ரெய்னோவின் இரண்டு காதுகளும் பதினோரு வருடமாக அவள் பொறுப்பு.

அவர் கோட்டைக் கழற்றாமல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே கவுண்டி நிர்வாகத்தின் பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது. முப்பத்தைந்து வருடம் அந்த மாதிரி வண்டியை ஓட்டித்தான் அவர் காது போயிற்று.

"பிளேடை இன்னும் கொஞ்சம் இறக்குடா," என்றார் வண்டிக்காரனைப் பார்த்து. தன் குரல் தனக்கே கேட்காததால் அது கட்டடம் முழுக்க முழங்கியது.

"அவனுக்குக் கேட்டிருக்கும் பெரியவரே, கவலைப்படாதீங்க," என்றாள் முன் மேசையிலிருந்து டார்லா. அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

ஜோலினின் கண் கடிகாரத்துக்குப் போய் வந்தது. நான்கு மணிக்கு டுலூத் நகரத்திலிருந்து அவருக்குப் போன் வரும். அங்கே ஒரு மருத்துவமனையில், பக்கவாதத்துக்குப் பிறகு, ரெய்னோவின் மனைவி லெம்பி மறுபடியும் பேசப் பழகிக்கொண்டிருந்தாள். தினமும் நான்கு மணிக்கு நர்ஸ் போனைப் போட்டு அவள் காதருகே பிடிப்பாள். லெம்பியிடம் இப்போது இருப்பது இருபது சொற்கள், அவையும் பாதி பாதி. அந்தப் பாதிகளை முழுதாகக் கேட்கத் தெரிந்தவர் ரெய்னோ மட்டும்தான். திங்களும் செவ்வாயும் அவர் போனை எடுத்து, தனக்குக் கேட்கவில்லை என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். லெம்பிக்கு அந்தக் கத்தல் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நேற்று மாலையிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை, பயிற்சிக்கும் வர மறுக்கிறாள் என்று இன்று காலை நர்ஸ் கிளினிக்குக்குப் போன் செய்து சொன்னாள். டார்லா அதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தாள். அவர் படித்தார், மடித்துப் பையில் வைத்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. டார்லா சூடு பண்ணிக் கொடுத்த, இறைச்சி அடைத்த பேஸ்டி ஒரு கடியோடு ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை வழக்கமான சரிபார்ப்புக்குத்தான் வந்திருந்தார். புதிய அமைப்பு மெஷினுக்குள் பாதி ஏறியிருந்தபோது கம்ப்யூட்டர் அணைந்தது. நாற்பது நிமிடம் கழித்துப் புதிய முகத்தோடு எழுந்தது. மெஷின்கள் இரண்டும் ஊமையாகிவிட்டன. ஜோலின் நோட்டில் எழுதிக் காட்டினாள்: கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகிவிட்டது. அவர் பேனாவை வாங்கி அதற்குக் கீழே எழுதினார்: உன் தப்பு இல்ல பொண்ணு. என் வண்டியும் இப்படித்தான், கேக்காம நின்னுடும். அந்தப் பக்கத்தை அவளால் கிழிக்க முடியவில்லை. திருப்பி மட்டும் வைத்தாள்.

காது மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் ஒயர் முனையில் ஒன்பது ஊசிகள். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அதற்குத் துளை கிடையாது, அதனால் நடுவில் ஒரு மாற்றி. அப்டேட்டுக்கு முன்பு கம்ப்யூட்டர் இத்தனை வருடமும் இதையெல்லாம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. இப்போது மாற்றியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணத்தை வைத்துவிட்டு நின்றது. ஜோலின் வேறு துளையில் சொருகிப் பார்த்தாள். வேறு ஒயர், புத்தம்புது டிரைவர் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாள். உதவி எண்ணில் பேசிய இரண்டு பேரும் அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டாள். முக்கோணம் போகவில்லை.

நேற்று ஒருமுறை சரியாகிவிட்டது என்றே நினைத்தாள். சோதனை அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பத்து வாக்கியங்களையும் வாசித்தாள். வாயசைவைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்வார்கள். 'மேசை மேல் ஏழு கரண்டிகள் இருக்கின்றன.' 'நாய் வேலியைத் தாண்டியது.' ரெய்னோ ஒவ்வொன்றையும் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அப்போது அவருக்குப் பின்னால் ஸ்டேப்ளர் கீழே விழுந்தது. டார்லா துள்ளினாள், அவர் அசையவில்லை. பதினோரு வருடத்தில் அட்டை முழுவதும், வரிசை உட்பட, அவருக்கு மனப்பாடம். ஜோலினின் முகம் அப்படி வாடியிருந்ததால் சொல்லி வைத்தேன் என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

இன்று மூன்றாவதாக லைனில் வந்தவள் நடீன். குரலிலேயே களைப்பு. புது டிரைவர் மாற்றியிலுள்ள பழைய சிப்பை வேண்டுமென்றே ஒதுக்கும், பட்டியலில் கீழே போய்ப் பழையதைத் தேர்ந்தெடு என்றாள். முக்கோணம் மறைந்தது. ஆனால் புரோகிராம் இன்னும் பெட்டி இல்லை என்றது.

"உங்க புரோகிராம் எத்தனை போர்ட் வரைக்கும் தேடும்?"

"நாலு."

"கம்ப்யூட்டர் எந்த நம்பர் குடுத்திருக்கு?"

"பதினொண்ணு."

"அப்புறம் எப்படிம்மா கிடைக்கும்? நாலு வீட்டுக் கதவைத் தட்டிட்டு ஆள் இல்லைன்னு திரும்பிடுது. மூணுன்னு மாத்துங்க."

மாற்றினாள். திரையில் சாம்பல் பெட்டியின் படம் வந்தது. வைக்கும் முன் நடீன் கேட்டாள்:

"ஆமா, நடுவுல எப்படி அணைஞ்சுது? யாராவது சரின்னு சொல்லாம அது ரீஸ்டார்ட் ஆகாதே."

"தெரியல," என்றாள் ஜோலின்.

அக்டோபரில் சேமித்து வைத்திருந்த அமைப்பை ஏற்றினாள். பச்சைக் கோடு நகர்ந்தது. ஒன்பது நிமிடம். அதுவரை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று ஐம்பத்திரண்டு. மெஷின்களை அவர் காதுகளில் வைத்தாள். கேட்கிறதா என்று அவள் கேட்கவில்லை. அவளுக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார். அட்டையை எடுத்தாள். அவர் முதுகை நிமிர்த்தி, முதல் வாக்கியத்துக்குத் தயாராக உதட்டைக் குவித்தார்.

ஏழு கரண்டிகளால் பயனில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு மணிக்குள் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அட்டையை வாய்க்கு நேராக உயர்த்தினாள். அவள் கண்கள் மட்டும் மேலே தெரிந்தன.

"திங்கக்கிழமை அது தானா நிக்கல," என்றாள், வழக்கமான சோதனைக் குரலில், மெதுவாக. "இப்பவே ரீஸ்டார்ட்னு இருந்த பட்டனை நான்தான் அழுத்தினேன். படிக்காமலே அழுத்தினேன்."

முன் மேசையில் டார்லாவின் தட்டச்சு நின்றது.

ரெய்னோ அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பதினோரு வருடப் பழக்கத்தில், சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னார்.

"திங்கக்கிழமை அது தானா நிக்கல. இப்பவே ரீஸ்டார்ட்னு இருந்த பட்டனை நான்தான் அழுத்தினேன். படிக்காமலே அழுத்தினேன்."

முதல் இரண்டு சொற்கள்தான் முழங்கின. மூன்றாவதில் அவர் குரல் தானாகத் தாழ்ந்தது, அந்த அறையின் அளவுக்கு.