பின்னறைக்கு வர மாட்டேன்

...அண்ணன் ஜன்னலை அடைத்துக்கொண்டு நாற்காலியில், அத்தான் என் கட்டிலில், அதுவும் தலையணை மேலேயே, அக்கா அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வசதியாகப் பக்கத்தில், அண்ணி என் இடப்புறம் முக்காலியில், இப்படி என் வாடகை வீட்டை நிரப்பிக்கொண்டு நான்கு பேர், தனியாக இருப்பவளுக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பது என்று கவலைப்பட வந்திருக்கிறார்கள், கவலையா, அத்தான் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி உடையாமல் தூக்குவதில் காட்டுகிற அக்கறையில் பாதிகூட என்மேல் இல்லை... முடிவை வரும் வழியிலேயே எடுத்தாயிற்று, இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுப் பின்னறையில், இஸ்திரி மேசைக்கும் ஓடாத சைக்கிளுக்கும் நடுவே மூன்றாவது சாமானாக நான்... "நீ தனியா இருக்கறதுல எங்களுக்கு நிம்மதியே இல்லம்மா" என்கிறான் அண்ணன், நிம்மதி இல்லாதவன் முகமா அது, உண்ட மயக்கம் வழிகிறது... மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், வலிப்பு வந்து வருஷத்துக்கு மேலாகிறது என்றேன், நிஜம்தான், ஆனால் சொல்லி வாயை மூடுவதற்குள் இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது.

வேண்டாம், இப்போது வேண்டாம், இவர்கள் முன்னால் விழுந்தால் இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார்கள்... எரிந்த ஒயர் வாடை, வேறு யாருக்கும் வராத வாடை... முறைப்படி போ, முதலில் கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிப் பிடி, துடிப்பு அதைத் தாண்டக் கூடாது, அடுத்து கைக்குட்டையில் இருக்கும் தைலம், அதன் காரம் ஒயர் வாடையை அமுக்க வேண்டும், இதையெல்லாம் கேட்ட டாக்டர், செய்யுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்று சிரித்தார், சிரிக்கட்டும், மூன்றாவது வைத்தியத்தை அவரிடமே சொல்லவில்லை, அது இளக்காரம், எதிரே இருப்பவரை மனசுக்குள் கடிதமாக எழுதிக் கிழிப்பது, கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள் நான், மரியாதை குறையாமல் மானத்தை வாங்கத் தெரியும், நழுவுகிற புத்தியை மாட்டிவைக்க அதைப்போல ஒரு கொக்கி கிடையாது... அத்தான் அவர்களே, மருந்துக்கடை வாசலில் ஸ்கூட்டர் நிறுத்துகிற தகுதியில் தாங்கள் அருளிய நரம்பு விளக்கம் கிடைக்கப்பெற்றேன்... அக்கா, உன் சொந்தக் கருத்து தபாலில் தொலைந்துவிட்டதென அறிகிறேன்... அண்ணா, தாங்கள்... தாங்கள்... சொல் வரவில்லை, அண்ணன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது, சுவர் விலகிப் போய் நிற்கிறது, பிடித்த கை தளர்கிறது, அண்ணியிடம் போ, அவளைப் பற்றித்தான் சரக்கு நிறைய இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமோ என்று என் டம்ளரைத் தனியாகக் கழுவி வைத்தவள்...

அம்மணி, என்று ஆரம்பிக்கும்போதே என் மணிக்கட்டை ஒரு கை கவ்வியது, மடியில் கிடந்த செய்தித்தாளுக்கு அடியில், அண்ணியின் கை, நான் பிடிக்கும் அதே இடத்தில், நகம் பதிய. முகம் மட்டும் அத்தான் பக்கம். "பேசிட்டே இருங்க, அவ கேட்டுட்டுத்தான் இருக்கா." அது என்ன முழி என்று அத்தான் கேட்டார். "யோசிக்கிற முழி. உங்களுக்குப் பழக்கம் இருந்தா தெரிஞ்சிருக்கும்." அக்கா முதல்முறையாகத் தலையாட்டாமல் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பக்கத்தில் கேட்டது, கிணற்றுக்குள் இல்லை, சுவர் திரும்பி வந்தது, ஒயர் வாடை போய்த் தைல வாடை, பிடி தளரவில்லை... என்றைக்குப் பார்த்து வைத்தாள் இதை, என் கைவேலையை, யாருக்கும் தெரியாதென்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை...

யோசித்துக் கடிதம் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வாசலில் செருப்பைத் தேடிக் கடைசியாக நின்றவளிடம், உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி என்று கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே, "பின்னறை மழைக்கு ஒழுகும், உங்க அண்ணனுக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள், போய்விட்டாள்.

அண்ணனுக்கு, உன் அழைப்புக்கு நன்றி, நான் இங்கேயே இருக்கிறேன், அதோடு முடிந்தது, எனக்கு இது ஒரு மூச்சு வேலை. அதற்கும் கீழே அண்ணிக்கென்று ஒரு வரி, வழக்கமான விஷத்தில் தோய்த்து... பேனா நின்றுவிட்டது, அவள் காப்பாற்றியது என்னையா, தன் பின்னறையையா, பின்னறையைத்தான் என்று சத்தியம் செய்வேன், ஆனால் பின்னறைக்காகப் பிடிப்பவள் அத்தனை நேரமா பிடிப்பாள்... பாவி, இருந்ததிலேயே நல்ல மருந்தைக் கெடுத்துவிட்டாள், அடுத்த தடவை வந்தால் நான் யாரை எழுதிக் கிழிப்பது... உறையை நாக்கால் நனைத்து ஒட்டினேன், தெருமுனைப் பெட்டியில் போட்டேன், அந்த வரி இல்லாமலே.