அந்தப் பக்கத்துச் சுவர்

மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவரில் குப்புறப் படுத்து, இடுப்புக்கு மேலே முழுவதும் வெளியே தொங்கிக்கொண்டிருந்த மேஸ்திரியின் இரண்டு கால்களையும் டிரைவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி பூச்சுக் கரணையின் கட்டைப்பிடியால் வெளிச்சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார். ஓரிடத்தில் நறுக்கென்று சத்தம் வந்தது. அடுத்த இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல வந்தது. காலிப் பானைச் சத்தம் வரும்போதெல்லாம் டிரைவர் பிடியை இன்னும் இறுக்கினார்.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் டிரைவருடைய மகளின் அறை இருந்தது. அடுத்த மாதம் அவள் கைக்குழந்தையோடு வருகிறாள். முதல் பேத்தி. தொட்டில் வாங்கியாயிற்று. அதைப் போட வேண்டிய இடத்தில்தான் போன மழையிலிருந்து சுவர் ஊறி, உள்பக்கம் கருத்துக் கிடந்தது. போனில் அனுப்பிய படத்தில் அதைப் பார்த்த மகள், "அப்பா, புள்ளைக்கு ஏற்கெனவே சளி. இந்த ரூம்ல எப்படிப்பா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். அப்படிப் பேச்சை மாற்றியதுதான் அவருக்கு உறுத்தியது. வராமலே இருந்துவிடுவாளோ?

இதற்கு முன்பும் இரண்டு கொத்தனார்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் வாசலில் நின்றபடியே, மொத்தச் சுவரையும் உரித்துவிட வேண்டியதுதான் என்றார். இன்னொருவர் நாளைக்கு வருகிறேன் என்றார். அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை.

"கீழ்ப்பாதி கல்லு மாதிரி இருக்குண்ணே, அதத் தொட வேணாம்" என்று மேஸ்திரியின் குரல் கீழேயிருந்து வந்தது. "மேல்பாதிதான் பூச்சு விட்டுப்போயிருக்கு. கொத்திட்டுப் புதுசாப் பூசிடலாம். என்னைய இழுங்க. கீழ ஒரு அம்மா நம்மள ஒரு மாதிரி பாக்குறாங்க."

டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் டீச்சர் கையில் பூவாளியோடு அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரின் கண்களும் ஒரு நொடி சந்தித்தன. டீச்சர் பூவாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"வேலை நாலு நாளு" என்று சட்டையைத் தட்டிக்கொண்டே எழுந்தார் மேஸ்திரி. "ஆனா உங்க வீடு எல்லையோட ஒட்டிக் கட்டினது. சாரம் அந்த அம்மா தோட்டத்துலதான் நிக்கணும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிடுங்க."

"இப்படியே தொங்கிக்கிட்டுப் பூசிட முடியாதா மேஸ்திரி?"

"முடியுமே. நாலு நாளும் நீங்க என் காலை விடாமப் புடிச்சுக்கிட்டிருந்தா."

"அப்ப நீங்களே அவங்ககிட்டக் கேட்டுடுங்களேன்."

"நல்லா இருக்கே கதை. சுவரு உங்களுது, வாய் மட்டும் என்னுதா?"

அந்த ஒரு வார்த்தையைத்தான் டிரைவரால் சொல்ல முடியாது. மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. முதல் பஸ்ஸை எடுக்க அவர் விடிவதற்கு முன்னே கிளம்ப வேண்டும். அவருடைய பழைய மோட்டார் பைக்கோ, நாலு உதை வாங்கி, தெருவையே எழுப்பிவிட்டுத்தான் உயிர் பெறும். ஒருநாள் டீச்சர் வந்து, "ராத்திரி பூரா தூக்கம் வராம, அந்த நேரத்துலதான் கண் அசருது. கொஞ்சம் தள்ளிப்போய் ஸ்டார்ட் பண்ணக்கூடாதா?" என்று கேட்டாள். தூக்கம் கெட்டவளின் குரலில் கடுப்பு இருந்தது. கடுப்புக்குக் கடுப்பாக இவரும், "பாடம் எடுக்குறதெல்லாம் ஸ்கூலோட வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கோடாலியால் வெட்டினதுபோல உறவு இரண்டு துண்டாகிவிட்டது.

விஷயத்தைக் கேட்ட மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீ போய்க் கேளேன். பொம்பளைக்குப் பொம்பளை."

"வாயை விட்டது நீங்க. நீங்களே போங்க. ரொம்ப நாளா சாமிகிட்ட இதைத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன். சுவத்த இடிச்சுத்தான் வழி பண்ணணும்னு அதுக்குத் தோணியிருக்கு போல."

டிரைவர் சாயங்காலம் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். தலையைச் சீவினார். மலைப்பாதையில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தபோதுகூட இப்படி வியர்த்ததில்லை. டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டியதும் அது உடனே திறந்தது. அவர் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"டீச்சர், அன்னிக்கு நான் பேசினது..."

"வண்டி இப்பல்லாம் எங்க ஸ்டார்ட் ஆகுது?" என்று டீச்சர் குறுக்கே கேட்டாள்.

அவர் விழித்தார். "தெருமுனையில."

"தெரியும். நீங்க பேசிட்டுப்போன மறுநாள்லேருந்தே தெரியும். இரும்பு கேட்டக் கிரீச்சிடாமத் தூக்கித் திறந்து, வண்டியச் சத்தமில்லாமத் தள்ளிக்கிட்டுப் போவீங்க. அந்தப் பெருமழையிலகூட நனைஞ்சுக்கிட்டே தள்ளினீங்க. ஜன்னல் வழியாப் பாத்தேன்."

டிரைவருக்குக் காது மடல் சுட்டது. திருடும்போது பிடிபட்டவன்போல நின்றார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட, பெட்ரோல் மிச்சமாகும் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

"பாத்துட்டும் ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர்கள் தாங்கள் செய்யும் நல்லதை ஒளித்துவைத்துக்கொண்டு, கோபத்தை மட்டும் வாசலில் தொங்கவிட்டுக்கொள்வதை ஆண்டவன் எத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ.

சாரத்தைப் பற்றி அவர் சொல்லி முடிப்பதற்குள், "தாராளமாப் போடுங்க. செடிய மட்டும் மிதிக்க வேணாம்" என்றாள். பிறகு அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னலுக்கு நேரே, முழுதாக, அவருடைய சுவர் நின்றது. பூச்சு உதிர்ந்து, திட்டுத்திட்டாகச் செங்கல் தெரிந்தது. சொந்த வீட்டுக்கு இப்படி ஒரு முகம் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்க சுவருதான். ஆனா நீங்க பாக்குறதே இல்ல. தினமும் பாக்குறவ நான். காலை வெயில் அதுல பட்டுத் திரும்பித்தான் என் அடுப்படிக்கே வெளிச்சம் வரும். பூச்சு விழுந்ததுலேருந்து அதுவும் மங்கிப்போச்சு."

"அப்ப எப்படிப் பூசணும்னு நீங்களே மேஸ்திரிகிட்டச் சொல்லிடுங்க."

சொன்னாள். நாலு நாளும் சொன்னாள். சொரசொரப்பு கூடாது, வழவழவென்று வேண்டும், வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்றாள். செடிகளுக்குப் பழைய போர்வையைப் போர்த்தினாள். "சுவருக்கு ஒருத்தரு, செடிக்கு ஒருத்தரு. எனக்கு எத்தனை முதலாளிண்ணே!" என்று மேஸ்திரி சாரத்தின் உச்சியிலிருந்து புலம்பினார். ஆனால், டீச்சர் கொடுத்த காப்பியை ஒருவேளைகூட வேண்டாமென்று சொல்லவில்லை.

கடைசி நாள் சாரத்தைப் பிரித்துக்கொண்டே மேஸ்திரி எச்சரித்தார்: "ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தி நனைச்சுக்கிட்டே இருக்கணும். காஞ்சா வெடிச்சிடும். அப்புறம் பேத்தி ரூம்ல மறுபடியும் ஈரந்தான், பாத்துக்கங்க. வெள்ளையடிக்க அதுக்கப்புறம் வர்றேன்."

காலையில் டிரைவருக்கு ஏது நேரம்? அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவும் முடியாது. மாடியிலிருந்து வாளியால் ஊற்றிவிடலாம் என்று முடிவு செய்து, அலாரத்தை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு படுத்தார்.

வாளியோடு அவர் மாடிப்படி ஏறும்போது இன்னும் இருட்டாக இருந்தது. பாதிப் படியில் நின்றுவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்தில் சர்ரென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடியும், கொஞ்சம் தள்ளி, சர்ரென்று. ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சுவரில் வழிந்து இறங்கும் சத்தம். வாளியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினார்.

வழக்கம்போல் கேட்டைத் தூக்கித் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார்.

"டிரைவர் சார்," என்று இருட்டிலிருந்து குரல் வந்தது, "இன்னிக்கு இங்கயே ஸ்டார்ட் பண்ணுங்க. நான்தான் முழிச்சுட்டேனே."

அவர் ஏறி உட்கார்ந்து ஒரு உதை விட்டார். வண்டி அசையவில்லை. இன்னொரு உதை. ம்ஹூம். மூன்று வருடமாகத் தெருமுனைச் சரிவில் உருண்டே உயிர்பெற்றுப் பழகிய வண்டி, சமதரையில் உதை வாங்க மறுத்துவிட்டது. மூன்றாவது உதைக்கு ஒரு செருமல் செருமிவிட்டு அடங்கியது. அந்தப் பக்கம் டீச்சர் சிரித்தாள். இந்தப் பக்கம், தூங்குவதாக அவர் நினைத்திருந்த மனைவி ஜன்னலுக்குப் பின்னால் சிரித்தாள்.

அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். டீச்சர் வீட்டுச் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் தோட்டத்தைத் தாண்டிப்போய் அவருடைய சுவரில் விழுந்திருந்தது. வழவழவென்ற புதுப்பூச்சில் தண்ணீர் மேலிருந்து மெல்ல இறங்க, சுவர் முழுவதும் மினுங்கியது.