இரண்டு மேதாவிகளின் படகு

ஒரு வீட்டுக்கு ஒரு மேதாவி போதும். எனக்கு இரண்டு. ஒன்று கட்டிக்கொண்டது, மற்றது கூடப் பிறந்தது.

பழைய படகைத் தொலைத்தவர்களும் இவர்கள்தான். கயிற்றைக் கட்டாமலே நங்கூரத்தைக் கடலில் போட்டார்கள். தம்பி கட்டியிருப்பான் என்று என் வீட்டுக்காரர் நினைத்தாராம், அத்தான் கட்டியிருப்பார் என்று அவன் நினைத்தானாம். படகு பாறையில் மோதி உடைந்தது. எஞ்சின் மட்டும் தப்பியது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

படகு போனதிலிருந்து எனக்கோ மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை. குளிர் அறையில் நின்று நின்று விரல்கள் வீங்கிவிட்டன, ஒரு டப்பா மூடியைத் திறப்பதுகூடக் கஷ்டம். திங்கட்கிழமைக்குள் படகு தண்ணீரில் இறங்காவிட்டால் இன்னொரு வருடம் அங்கேயே கிடக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

புதிதாகக் கட்டியது இரட்டைப் படகு. ஒல்லியான இரண்டு கூடுகள், அவற்றின் மேல் ஒரு தட்டு, பின்னால் எஞ்சின். மேதாவிகள் ஆளுக்கொரு கூடு என்று பிரித்துக்கொண்டார்கள். இவர் எங்கள் கார் ஷெட்டில், தம்பி அவன் வீட்டு முன்னறையில். வரைபடத்துக்கு இரண்டு நகல். நடுவில் தூது போக நான்.

"அக்கா, படத்துல இருக்குற அகலம் பலகைக்கு உள்ளயா வெளியயா? அத்தான்கிட்ட கேட்டுச் சொல்லு."

இவரிடம் வந்து கேட்டேன். கையில் பலகைக்கு ரெசின் பசை பூசும் பிரஷ், மூஞ்சியில் அலட்சியம். "அதுகூடத் தெரியாதவனுக்குப் படகு எதுக்குன்னு கேளு."

கேட்டேன். தம்பி சிரித்தான். "அவருக்கே தெரியலக்கா. அதான் பேச்ச மாத்துறாரு."

அவ்வளவுதான். ஒருவர் உள்ளளவு என்று வைத்துக்கொண்டார், மற்றவன் வெளியளவு என்று வைத்துக்கொண்டான். இன்னொரு முறை கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம். பலகையை நேராக அறுக்கத் தெரியாதவர்களுக்கு அது மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

சனிக்கிழமை காலை கரைச் சரிவில் வைத்து இரண்டையும் குழாய்களால் இணைத்துத் தண்ணீரில் இறக்கினோம். இவர் செய்தது பருமன், தம்பி செய்தது நோஞ்சான். ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டவனைப் போலப் படகு தம்பி பக்கம் சாய்ந்து நின்றது.

"அந்த நோஞ்சானை அறுத்துப் போட்டுட்டு வேற செய்யணும். ஒரு மாசம் ஆகும்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

"தொப்பையைக் குறைக்க ரெண்டு மாசம் ஆகும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுக்கா."

இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்கள். "ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பருமன் பக்கம் தள்ளிக் கட்டினேன். நானும் அந்தப் பக்கமே உட்கார்ந்தேன். படகு நிமிர்ந்தது.

நான் எஞ்சினில் கை வைத்ததும் அதிசயம் நடந்தது.

"மச்சான், அவளை இறங்கச் சொல்லு," என்றார் இவர்.

"ஆமா அத்தான். அக்காவுக்கு இதெல்லாம் சரிப்படாது," என்றான் அவன்.

மாதக்கணக்கில் நான் கெஞ்சியும் அழுதும் வராத சமாதானம், என்னை இறக்கிவிட வேண்டும் என்றதும் ஒரு நொடியில் வந்துவிட்டது. பழைய படகை ஓட்டியதே நான்தான் என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று.

"நான் ஏறவா?" என்று இவர் வேட்டியை மடித்தார்.

"நான்தான் முதல்ல," என்று தம்பி முந்தினான்.

"யார் எந்தப் பக்கம் உக்காரணும்னு பேசி முடிவு பண்ணுங்க. பேச்சுதான் வந்துடுச்சே." எஞ்சின் கயிற்றை இழுத்தேன். இரண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது.

மதியம் பெட்டி நிறைய மீனோடு திரும்பியபோது இருவரும் ஒரே கல்லில் உட்கார்ந்து அளவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கக்கூட எழவில்லை.

திங்கட்கிழமை நான் கடலுக்குப் போனேன். குளிர் அறைக்கு எனக்குப் பதிலாக மேதாவிகள் இருவரையும் அனுப்பினேன். அங்கே ஒரே மேசையில் எதிரெதிரே நின்று நாள் முழுக்க மீன் கழுவ வேண்டும்.