ஐந்தாம் பத்தி

1
இந்தக் கதை எனக்கு மொழிபெயர்ப்பு வேலையாக வந்தது. பிரான்சில் ஒரு சிறு விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். ஓட்டியவன் மத்தியோ, உடன் சென்றவள் கலைமகள். இருவரும் புதுச்சேரிப் பிள்ளைகள். பிரான்சில் ஒரே ஊரில் வேலை பார்த்தவர்கள். விசாரணை அறிக்கையைத் தமிழில் தரும்படி கலைமகளின் அம்மா தனக்கொடி கேட்டார். நிருபர் வேலையை விட்ட பிறகு என் பிரெஞ்சு இப்படிப்பட்ட காகிதங்களில்தான் பிழைக்கிறது.

2
முதலில் எழுதிய தொடக்கம்: ‘மேகம் தாழ்ந்திருந்த காலையில் மத்தியோ கலைமகளைப் பார்த்துச் சிரித்து—’

சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. அறிக்கையில் பெயர்கூட இல்லை. விமானி, பயணி, அவ்வளவுதான். தெரிந்தது இது: அன்று ரயில் வேலைநிறுத்தம். மாலைக்குள் கலைமகள் பாரிஸ் போய்ச் சென்னை விமானத்தைப் பிடிக்க வேண்டும். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று மத்தியோ தான் ஓட்டக் கற்ற பறக்கும் கிளப்பின் விமானத்தை எடுத்தான்.

(பாரிஸ் என்று எழுதினால் கதைக்கு அழகு வந்துவிடுமோ என்று பயம். சென்னை விமானம் அங்கிருந்துதான், என்ன செய்ய?)

3
முடிவுரையின் நான்காம் பத்தி: ‘விமானி உரிமம் பெற்று நான்கு மாதங்களே ஆகியிருந்தன. மேகத்துக்குள் ஓட்டும் பயிற்சி அவருக்கு இல்லை.’

ஐந்தாம் பத்தி: ‘பயணி மாலை விமானத்தைப் பிடித்தாக வேண்டியிருந்தது. வானம் தெளியக் காத்திராமல் புறப்பட்டதற்கு அது காரணமாக இருந்திருக்கலாம்.’

இளைய மகளின் நிச்சயதார்த்தத்தை ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மூன்று வாரம் முன்னால் இழுத்தவர் தனக்கொடி. பெரியவள் கலைமகள் வராமல் தட்டு மாற்ற மாட்டேன் என்றவரும் அவரே.

4
மத்தியோவின் அப்பா ஆலேன், பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்.

“முசியே, அந்த நாலாவது பத்திய எடுத்துடுங்க.”

“எடுத்தா நடக்கலன்னு ஆயிடுமா?”

“சாவு வீட்ல அந்தப் பொண்ணோட அம்மா என்னா கேட்டுச்சு தெரியுமா? ஸ்கூட்டரே ஒழுங்கா ஓட்டாதவன் கையில ஏரோப்ளேன குடுத்தியேன்னுச்சு. நானா குடுத்தேன்?” எழுந்து செருப்பை மாட்டினார். “சரி, இருந்துட்டுப் போவுது. அஞ்சாவதயும் வுட்டுடாதீங்க. எல்லாத்தயும் எம் புள்ள தலையில போட்டுடாதீங்க.”

5
ஆலேனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வேலை சுலபமாகும். அடித்துவிட்டேன். அவர் கேட்டது நியாயம்.

நான் ஐந்தாம் பத்தியை விட்டுவிட்டேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இருபத்தெட்டு வருடம் விபத்துச் செய்தி எழுதியவனுக்கு இரக்கத்தையும் களைப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

6
தனக்கொடி புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறார். ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். என் தமிழையும் பிரெஞ்சு மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எம் பொண்ணு பஸ்ஸுக்கே அவசரப்பட மாட்டா சார். பஸ்ஸு அவளுக்காவ நிக்கணும். அந்தப் புள்ள ஏன் அந்த மேகத்துல கெளம்புச்சு? அது தெரிஞ்சா போதும்.”

“எல்லாம் எழுதியிருக்கும்மா.”

இரண்டு தாளிலும் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தார். நின்றார்.

“பிரெஞ்சுல ஆறு பத்தி இருக்கு. உங்களுதுல அஞ்சுதான்.”

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

“பெட்டிக்குப் பத்து அட்ட. ஒண்ணு கொறஞ்சாலும் லைன நிறுத்திடுவோம். எனக்கு பிரெஞ்சு தெரியாது சார், எண்ணத் தெரியும். எது வுட்டுப்போச்சு?”

7
ஒரு முடிவு: கைத்தவறு, ஒன்றுமில்லை என்கிறேன். நம்புகிறார். பழி முழுவதும் மத்தியோவுக்கு.

இன்னொன்று: படித்துக் காட்டுகிறேன். நிச்சயதார்த்தத் தேதியை மாற்றியது யார் என்று அவருக்கு நினைவு வர ஒரு நிமிடம் ஆகும். பிறகு வரும் வருடங்களை எழுத என்னிடம் சொல் இல்லை.

அவரிடம் மறைத்ததை உங்களிடம் நான் மறைக்கவில்லை. ஐந்தாம் பத்தியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். நான் இதுவரைதான் வந்திருக்கிறேன்:

“அம்மா, அந்தப் பத்தியில—”

முடித்துவையுங்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியுங்கள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.