மோதிரவிரல் ஓய்ந்த நாள்

வானொலி நிலையத்தில் நாடகங்களுக்கு ஓசை செய்துவந்த பெண்மணியின் பத்து விரல்களும் பத்துப் பனிமலைகளுக்கு உரியவை. மலையில் விரிசல் விழுந்த கணத்தில், அதற்குரிய விரல் யாரும் இழுக்காமலேயே சொடக்கிட்டது. வலது கட்டைவிரல் பேசினால் பக்கத்து அறையில் தேநீர்க் கோப்பை அதிரும். எந்த விரல் எந்த மலைக்கு உரியது என்பதைச் செய்தி வாசிப்பவர்தாம், தமக்கு வரும் செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார்.

தகரத்தை அசைத்து இடியையும், காகிதத்தைக் கசக்கி நெருப்பையும், தட்டில் மணலைச் சரித்து மழையையும் உண்டாக்கிய கைகள் அவை. ஆகவே நிலையத்தில் எவரும் வியக்கவில்லை. சங்கடம்தான் இருந்தது. காதலர் இருவர் மூச்சடக்கி நிற்கும் காட்சியில் படீரென்று ஒரு சொடக்கு விழும். நாற்காலி உடைந்துவிட்டதா என்று நேயர்கள் விசாரிப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் பொத்தான்களைக் கவனித்துவந்தவள் அந்தப் பெண்மணியின் நாத்தனார்.

“அண்ணி, ஒண்ணு உங்க மலையை அடக்குங்க, இல்ல அந்தக் காதலை அடக்கச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே மைக் தாங்காது.”

“மலை என் பேச்சைக் கேக்குமா? உங்க அண்ணனே கேக்கறதில்ல.”

நிலைய இயக்குநர் பஞ்சு வைத்த கையுறைகள் தைத்துக் கொடுத்தார். அவை விரல்களில் கசிந்த குளிர்ந்த நீரில் ஊறிக் கனத்துப் போயின. மறைக்க முடியாததை மேடையேற்றிவிடலாம் என்று முடிவு செய்த பெண்மணி, தம் விரல்களுக்கென்று தனியே ஒரு நிகழ்ச்சி கேட்டார்.

“நம்ம ஊர்ல ஐஸ் பெட்டியைத் தவிர எங்கேயும் பனி கிடையாது. இதை யாரும்மா கேப்பாங்க?” என்றார் இயக்குநர். ஆனாலும் சந்தை நிலவரத்துக்குப் பின், பிற்பகலில் ஊர் உண்டு உறங்கும் வேளையை ஒதுக்கிக் கொடுத்தார்.

மலையின் பெயரையும், அதன் பனி எவ்வளவு பின்வாங்கியது என்பதையும் சொல்லிவிட்டு அவர் விரல்களை ஒலிவாங்கியின் முன் விரித்து வைப்பார். மற்றதை விரல்கள் சொல்லும். ஆண்டுகள் சென்றன. கேட்டுக்கொண்டிருந்த ஊர்த் தையற்காரர் இயந்திரத்தை நிறுத்தி, “இது நடுவிரல்” என்று அடையாளம் சொன்னார். சொடக்குகள் மிகுந்த வாரத்தில், உறவுக்காரருக்குக் காய்ச்சல் என்பதுபோல வீடுகள் கலங்கின. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்த லாரிகளை, எவரும் சொல்லாமலேயே ஓட்டுநர்கள் அணைத்தார்கள்.

ஒரு கோடையில் இடது மோதிரவிரல் ஓயாமல் சொடக்கிட்டது. பிறகு அடியோடு அடங்கியது. வெந்நீரில் வைத்தும், இழுத்தும், மடக்கியும் பார்த்தார். செய்தி வாசிப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: மலை இருக்கிறது, அதன்மேல் வெறும் கரும்பாறைதான் இருக்கிறது.

அடுத்த நிகழ்ச்சி முழுவதையும் அந்த விரலின் மௌனத்துக்கே கொடுக்க வேண்டும் என்றார் ஓசை செய்பவர். இயக்குநர் ஒப்பவில்லை.

“ரேடியோவுல சத்தம் நின்னா நிலையம் செத்துப்போச்சுன்னு நினைப்பாங்கம்மா. ஒரு இடியை உருட்டி முடிச்சிடுங்க, அழகா இருக்கும்.”

“இத்தனை வருஷம் இல்லாத சத்தத்தையெல்லாம் உண்டாக்கிக் கொடுத்தேன் சார். இல்லாததை இல்லைன்னு சொல்ல ஒரு தடவை விடுங்க.”

“செஞ்சீங்கன்னா அதுக்கப்புறம் உங்களுக்கு இங்க வேலை கிடையாது.”

“சரி சார்.”

வேறு தொழில் அறியாத கைகள் அவை. இருந்தும் அன்று அவர் மலையின் பெயரைச் சொல்லி, மோதிரவிரலை ஒலிவாங்கியின் முன் நீட்டினார். இயக்குநர் கட்டுப்பாட்டு அறைக்குள் பாய்ந்து பாட்டைப் போடச் சொன்னார். நாத்தனாரோ இரு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு அமர்ந்திருந்தாள். “மரத்துப்போச்சு சார்,” என்றாள், “ரெண்டும்.” ஓசை அறைக் கதவை மறித்து நின்ற செய்தி வாசிப்பவருக்கும் கால்கள் மரத்துப் போயிருந்தன. ஊரில் தையல் இயந்திரமும், முடிதிருத்தகத்தின் கத்தரிக்கோலும், குழாயடிக் குடங்களும் ஓய்ந்தன. ஒலிபரப்பான மௌனம் வீடு வீடாகச் சென்று உட்கார்ந்தது.

பணிநீக்க ஆணை எழுத அமர்ந்த இயக்குநர், சினம் தணிய நெட்டி முறித்தார். ஒன்பது விரல்கள் சொடக்கிட்டன. இடது மோதிரவிரல் மட்டும் வாய் திறக்கவில்லை. மறுபடி இழுத்தார், மேசைமேல் வைத்து அழுத்தினார். அதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நிகழ்ச்சியைக் கேட்டவர் அனைவருக்கும் அதே விரல், அதே மௌனம். பேனாவை மூடிவிட்டு ஓசை அறைக்குச் சென்ற அவர், வாசலிலேயே நின்று கேட்டார்: “அடுத்த வாரமும் இதே நேரந்தானேம்மா?”

மருத்துவர்கள் குறையொன்றும் காணவில்லை. அந்த விரல் மடங்கும், மோதிரம் தாங்கும், சொடக்கிடாது, அவ்வளவே. பின்னர் பிறந்த குழந்தைகளுக்கும் அப்படித்தான். ஓசை செய்பவரின் மற்ற விரல்கள் இன்றும் பேசுகின்றன. அவருடைய நிகழ்ச்சி மாலைக்கு மாற்றப்பட்டுவிட்டது. வெளியூர்ப் பயணத்தில் இந்த ஊரார் எவரேனும் நெட்டி முறித்து ஒன்பதோடு நின்றால், அருகில் இருப்பவர்கள் எந்த ஊர் என்று கேட்பதில்லை. சற்றே நகர்ந்து உட்கார இடம் கொடுக்கிறார்கள்.