வலப்பக்கம் சாய்ந்த எழுத்து

1

இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. குற்றவாளி நான். ஆயுதம், ஓர் எழுத்துரு.

தடியாக, கூராக, வலப்பக்கம் சாய்ந்து, 2090-இலிருந்து தப்பி ஓடிவந்ததுபோல இருக்கும். காலேஜ் இல்லாத நாட்களில் ராயபுரத்தில் அருள்நாதன் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். வியாசர்பாடி கால்பந்துப் போட்டி, ஜிம் திறப்பு, காதுகுத்து, எல்லாவற்றுக்கும் அதுதான். காதுகுத்துக் குழந்தையின் பெயர் பந்தயக் கார்போலப் பாயும். யாரும் குறை சொன்னதில்லை.

2

[முதலில் எழுதிய தொடக்கம்: "எண்ணூர் வானம் அன்று சாம்பல் நிறத்தில்..." வேண்டாம். என்றைக்குமே அப்படித்தான்.]

எண்ணூரில் ஒரு கம்பெனி, அதன் பெயர் [இங்கே நிறுத்திக்கொள்கிறேன்], பக்கத்துத் தெருச் சுவருக்குப் பன்னிரண்டு போர்டு கேட்டது. "வாயு கசிந்தால் ஓடுங்கள்." கீழே இடப்பக்கம் காட்டும் சின்ன அம்புக்குறி. இடப்பக்கம் கடற்கரை. வலப்பக்கம் கம்பெனி கேட்.

ஓட்டம் என்றதும் கை தானாக அந்த எழுத்துருவுக்குப் போய்விட்டது.

3

வாயுக் கசிவு ஒத்திகை நாளன்று என் போர்டுகளைப் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். சைரன் அடித்தது. தெருவே கேட்டை நோக்கி ஓடியது.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் ரூத் அக்கா அந்தத் தெருக்காரர். கேட் வாசலில் முழங்காலைப் பிடித்தபடி நின்றார்.

"இன்னாக்கா, அம்பு அந்தாண்ட காட்டுதே?"

"அம்ப எவன் பாத்தான்? எய்த்தே இந்தாண்ட ஓடுது, நாங்களும் பின்னாலயே ஓட்னோம். போட்டவன் மட்டும் கைல கெடைக்கட்டும், கீசிடுவேன்!"

சிரித்தேன். போட்டவன் நான்தான் என்று சொல்லவில்லை.*

* துணிச்சலான கதாநாயகன் இங்கே சொல்லியிருப்பான். அவனையும் எழுதிப் பார்த்தேன். என் சட்டை அவனுக்குப் பொருந்தவில்லை.

அருள்நாதன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

"கம்பெனியே ஓகே பண்ணிக்கீது நைனா. தப்புன்னு நாமளே போய் சொல்லிக்கினா அட்த்த ஆர்டர் எவன் குடுப்பான்? பேஜார் பண்ணாத."

போர்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

4

முடிவு ஒன்று: போர்டுகளை மாற்றிவிட்டார்கள். எல்லோரும் நலம். [அடித்துவிட்டேன். பொய் எழுதினால் எனக்குக் கையெழுத்து ரொம்ப அழகாக வருகிறது.]

முடிவு இரண்டு: நிஜ சைரன். கேட் வாசலில் முதலில் விழுந்தது ரூத் அக்கா [முடியவில்லை.]

முடிவு மூன்று. இன்னும் நடக்கவில்லை. என் தலைக்குள் மட்டும் தினமும் நடக்கிறது. ரூத் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, கண்ணு எரியுது. அல்லாரும் கேட்டாண்ட ஓட்றாங்க, நானும் போய்க்கினு கீறேன்."

"வேணாங்கா! கடலாண்ட போ! போர்டு தப்பு!"

"கம்பெனி போர்டு தப்பா? உனுக்கு எப்டிடா தெரியும்?"

இதற்கு நான் சொல்லவேண்டிய பதிலைப் பதினேழு முறை எழுதி அழித்துவிட்டேன். அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். சின்னதாக இருக்கட்டும். அவருக்கு மூச்சு வாங்குகிறது.