வாளிக்குள் திரும்பிய ஈ

குளச்சலில் பழக்கடை வைத்திருக்கும் ஜாஸிமுக்குப் பழ ஈக்கள் ஜென்ம விரோதிகள். மட்டி வாழைக்குலை லேசாகக் கனிந்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ, வந்து மொய்த்துவிடும். அவனுக்கு வாய்த்த மனைவி தஸ்ரினோ பெங்களூரில் அதே ஈக்களை வளர்த்து, அவை அசைவை எப்படிக் காண்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் இதைச் சொல்லியே சிரிப்பார்கள். ஜாஸிமும் சேர்ந்து சிரித்துவைப்பான். அவனுடைய உம்மா சைனப் பீவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"மக்கா, ஈச்சயப் பாக்கதுக்கா பெங்களூரு? இஞ்சயே டீச்சர் வேலை கிட்டும். நீ சொன்னா அவ கேப்பா."

தஸ்ரின் லீவில் வந்த நாள் முதல் இதே நச்சரிப்பு. சொல்கிறேன் என்று அவனும் ஒத்துக்கொண்டான். அவள் கூடவே இருக்கவேண்டும் என்று அவனுக்கு மட்டும் ஆசை இல்லையா?

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பேச்சை எடுத்தான். வாயில் வந்தது வேறு கேள்வி.

"ஏட்டி, அங்க நீ என்னதான் செய்யுதே?"

கல்யாணமாகி இதுவரை அவன் அதைக் கேட்டதே இல்லை. தஸ்ரின் அவன் முகத்தைப் பார்த்தாள். "இருங்க, காட்டுதேன்" என்று எழுந்தாள்.

பழைய வெள்ளை வாளி ஒன்றின் அடியை வெட்டி எடுத்தாள். உட்புறம் முழுக்கக் கறுப்பு டேப்பை இடைவெளி விட்டு நெட்டுக்குத்தான வரிகளாக ஒட்டிக் கயிற்றில் தொங்கவிட்டாள். பழத்தோலில் உட்கார்ந்த ஒரு ஈயை ஜாஸிம் டம்ளரால் கவிழ்த்துப் பிடித்தான். அதைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து மயங்கச்செய்து, சிறகை நறுக்கினாள்.

"அதுக்கு நோவாதா?" என்றாள் அடுக்களை வாசலில் நின்ற சைனப் பீவி.

"நகம் வெட்டுத மாதிரிதான் மாமி."

கண்ணாடிக் கிண்ணத்தில் இட்ட ஈ எழுந்து காலைத் தேய்த்தது. கிண்ணத்தைச் சுற்றி வாளி வரும்படி இறக்கி, கயிற்றை முறுக்கி விட்டாள். கறுப்பு வரிகள் வலப்பக்கமாக ஓடின. ஈ தேய்ப்பதை நிறுத்தியது. அதுவும் வலப்பக்கமாகத் திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. முறுக்கு அவிழ்ந்து கயிறு மறுபடி முறுக்கேறி, வாளி ஒரு நொடி நின்று எதிர்ப்பக்கம் சுழன்றது. ஈயும் நின்றது, பிறகு இடப்பக்கம் திரும்பியது.

"அல்லாவே, கூடவே கெறங்குதே!" சைனப் பீவி ஓடிவந்து குனிந்தாள்.

"அதுக்க கண்ணு நெறையக் குட்டிக் கண்ணு சேந்தது மாமி. ஒத்தக் கண்ணுக்கு வெளிச்சம், இருட்டு மட்டுந்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்துக் கண்ணுங்க ஒரே நரம்பு செல்லுக்குச் சேதி சொல்லும். அதுல ஒண்ணுக்க சேதி கொஞ்சம் தாமசிச்சு வரும். வரி இந்தப் பக்கமா வந்தா ரெண்டு சேதியும் ஒண்ணாப் போய்ச் சேரும், செல்லு 'அசையுது'ண்ணு விளிக்கும். எதிர்ப்பக்கமா வந்தா சேராது. அப்ப மிண்டாது, சும்மா இருக்கும். அந்தப் பக்கத்துக்கு வேற செல்லு உண்டு."

"நம்ம வீடியோ கால்ல நீ பேசுதது தாமசிச்சு வருமே, அது மாதிரியா?" என்றான் ஜாஸிம்.

"அது நெட்டு சரியில்லாம வருது. இது வேணும்ணே தாமசிக்கும்."

சொல்லும்போது அவள் முகம் நிக்காஹ் அன்று இருந்ததைவிடப் பூரித்திருந்தது. ஜாஸிம் அதையே பார்த்தான். இந்த முகத்தை வைத்துக்கொண்டா பெங்களூருக்குப் போகாதே என்று சொல்லப்போனோம்!

"படிப்பு முடிய இன்னும் எவ்வளவு நாளாவும்?"

"ரெண்டு வருசம்."

"நல்லா முடி. மாசத்துக்கு ஒருக்கக் கடைய அடச்சிட்டு நான் வாறேன்."

 தஸ்ரின் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜாஸிம் பயந்துகொண்டே உம்மாவைப் பார்த்தான்.

"நீ போய் என்னத்துக்கு? இவளுக்கு மீன்கறி வைக்க ஒனக்கு அறியுமா? நானும் வாறேன்" என்ற சைனப் பீவி, வாளியைப் பிடித்துத் தன் கையாலேயே கயிற்றை முறுக்கத் தொடங்கினாள்.